பழக்கப் பொதி

ஒன்பது மணி அழைப்புக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போதே சுகந்தி அழைப்புச் சேலையைக் கட்டிக்கொண்டாள். அரக்கு நிறம், மாங்காய்க் கரை. இரண்டு வருடமாகத் தினமும் அதுதான். சாயம் வெளுத்துவிடக் கூடாதென்று அதே மாதிரி இன்னொன்றும் வாங்கி மாற்றி மாற்றிக் கட்டினாள். அவள் மட்டுமா? ஊரில் எல்லாப் பெண்களிடமும் ஓர் அழைப்புச் சேலை உண்டு. ஆண்களிடம் ஓர் அழைப்புச் சட்டை உண்டு. ஜவுளிக் கடைகளில் அதற்கென்றே தனி அலமாரி வந்துவிட்டது. சேலை மாறினால் திடுக் போகும். போன திடுக்கை யார் திருப்பித் தருவது?

கம்பெனிக்காரன் வைத்த பெயர் என்னவோ ‘வியப்பலகு’தான். விளம்பரத்தைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஜனங்களுக்கு அது திடுக். ஒரு காலத்தில் வீடியோ என்றால் முகத்தின் ஒவ்வொரு புள்ளியும் காற்றில் போய்ச் சேரவேண்டியிருந்தது. அதற்கு ஜிபி கணக்கில் காசு. பாதிப் பேருக்குப் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். மீதிப் பேருக்கு ‘உங்கள் கருவி இந்தக் காணொளியை ஆதரிக்காது’ என்று வந்து நிற்கும். அப்புறம்தான் ஊகி வந்தது. உங்கள் முகம், குரல், உட்காரும் விதம், தினமும் பேசுகிற பேச்சு எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, எதிர்முனைக் கைபேசிக்குள் இருந்தபடியே உங்களை வரைந்து காட்டுகிற சில்லு அது. அது நினைத்தபடியே நீங்கள் இருந்தால் எதையும் அனுப்ப வேண்டியதில்லை. மாறாக ஏதாவது செய்தால் அந்த மாறுதல் மட்டும் போகும். அதற்குத்தான் காசு. தும்மினால் கொஞ்சம், சத்தமாகச் சிரித்தால் இன்னும் கொஞ்சம், அழுதால் கேட்கவே வேண்டாம்.

நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? நல்லது கெட்டது எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, புதுத் திடுக் ஏறுகிற ஒன்றாம் தேதி மொத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பெரிய மாமா இருபதாம் தேதி காலமாகியிருந்தாலும் ஒன்றாம் தேதிவரை துபாயில் இருக்கிற பேரனுக்கு அவர் உயிரோடுதான் இருப்பார்.

சுகந்தி வாங்கியிருந்தது ‘ஆண்டுப் பழக்கப் பொதி’. இருப்பதிலேயே மலிவு. மாதத்துக்கு ஒரு கையளவு திடுக்தான் கிடைக்கும். ஒருமுறை சேர்ந்தால் வருடம் முடியும்வரை வேறு பொதிக்கு மாறவும் முடியாது. மாறவேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததுமில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருபது வருடம் தையல் மேற்பார்வை பார்த்தவள். நேரத்துக்கு எழுவது, நேரத்துக்குச் சாப்பிடுவது எல்லாம் உடம்பில் ஊறிப்போனவை. ‘மிகவும் ஊகிக்கத்தக்க வாடிக்கையாளர்’ என்று கம்பெனி அவளுக்குப் பாராட்டுப் பத்திரமே அனுப்பியிருந்தது. அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள். புனேயில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் தன்யாவுக்கும் இதே பொதிதான். மருமகன் ரித்தீஷ் வாங்கிக் கொடுத்தது. ‘எவ்வளவு சிக்கனமான பையன்’ என்று சுகந்திக்குப் பெருமை பிடிபடவில்லை.

இந்த மாதத் திடுக் முழுவதையும் ஒரு பல்லி தின்றுவிட்டது. போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது தோளில் விழுந்து தொலைத்தது. சுகந்தி அலறிய அலறலில் மிச்சம் மீதி இல்லாமல் காலி.

அடுப்பில் குக்கரில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை, குளித்து விளக்கேற்றியாகிவிட்டது. முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார வேண்டியதுதான் பாக்கி. கைபேசியைக் கையோடு எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள், பழக்கப்படி கதவைச் சாத்தினாள், முகம் கழுவினாள், கதவைத் திறந்தாள்.

கதவு திறக்கவில்லை. கைப்பிடி மட்டும் கையோடு வந்துவிட்டது.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கைப்பிடியைத் திரும்ப ஓட்டையில் செருகித் திருகினாள். அது சுற்றிச் சுற்றி வந்ததே தவிரத் தாழ் அசையவில்லை. தோளால் இடித்தாள். கதவு கம்பெனிக் கதவு. அவளுடைய தோள்தான் வலித்தது. உள்ளே ஜன்னல் கிடையாது. மேலே ஒரு காற்றாடி ஓட்டை, அவ்வளவுதான். சரவணம்பட்டி தாண்டிக் கட்டிய அந்தக் கட்டடத்தில் அவளுக்குப் பதினோராம் மாடி. அந்த மாடியில் மற்ற வீடுகளை வாங்கிப் போட்டவர்கள் எல்லாரும் வெளிநாட்டில் இருந்தார்கள். “யாராவது இருக்கறீங்களா?” என்று அவள் கத்தியது அவள் காதிலேயே வந்து அடைத்தது.

சமையலறையில் குக்கர் முதல் விசில் அடித்தது.

அப்போதுதான் அவளுக்கு அடுப்பு நினைவுக்கு வந்தது. தண்ணீர் வற்றினால் கொள்ளு கருகும். குக்கர் காய்ந்தால் வால்வு போகும். பக்கத்தில் எண்ணெய் டப்பா, அதற்கும் பக்கத்தில் துணிப்பை, கீழே சிலிண்டர்.

அவசர எண்ணை அழுத்தினாள். ஆரம்பத்தில் அவசர எண்ணுக்குத் திடுக் கணக்கே இல்லாமல்தான் இருந்தது. நம் ஆட்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. அவசர எண்ணைக் கூப்பிட்டு, அதிலேயே அக்காவையும் இணைத்து, பெண்ணுக்கு வரன் அமைந்த கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார்கள். அதிகாரிகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அதையும் ஊகியில் போட்டுவிட்டார்கள். இப்போது திரையில் ஒரு பெண் வந்தாள். ஓரத்துச் சின்னக் கட்டத்தில், அந்தப் பெண்ணுக்குத் தெரிகிற சுகந்தி: நீலச் சோபா, கலையாத தலை, நெற்றியில் பொட்டு.

“பாத்ரூம்ல மாட்டிக்கிட்டனுங்க! அடுப்பு எரியுதுங்க! சீக்கிரம் ஆள் அனுப்புங்க!” என்று இவள் கத்தினாள்.

சின்னக் கட்டத்துச் சுகந்தி வெட்கத்தோடு சிரித்தாள். “மன்னிச்சுக்குங்க, கை தவறிப் பட்டுடுச்சுங்க” என்றாள்.

“பரவாயில்லைங்க, பார்த்து” என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

பழக்கப் பொதிக்காரர்கள் அவசர எண்ணை அழுத்துவதெல்லாம் பெரும்பாலும் கை தவறித்தான். ஊகி சரியாகத்தான் ஊகித்திருந்தது; என்ன செய்வது?

எழுதிப் பார்த்தாள். ‘குளியலறையில் மாட்டிக்கிட்டேன்’ என்று அவள் அடித்தது ‘குளிச்சு முடிச்சுட்டேன்’ என்று போய்ச் சேர்ந்தது. காசு கொடுத்தாவது திடுக் வாங்கலாம் என்று கடைப் பக்கத்துக்குப் போனாள். ‘இது உங்கள் பழக்கத்தில் இல்லாத கொள்முதல். உங்கள் பாதுகாப்புக்காக ஏழு வேலை நாட்களில் சரிபார்க்கப்படும்’ என்றது. அட பாவிகளா! இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அநாவசியமாகச் செலவு செய்யாமல் இருந்ததற்கு இப்படியா கூலி?

அழைப்பு வராமல் மகள் பதறட்டுமே என்று கைபேசியைத் தரையில் போட்டு உடைத்தால்? அதுவும் நடக்காது. மகளுடைய கைபேசிக்குள் இருக்கிற ஊகிக்கு இவள் தயவு தேவையே இல்லை. ‘அலைவரிசை போனாலும் அம்மா போகமாட்டாள்’ என்று பல்லைக் காட்டிக்கொண்டு விளம்பரமே செய்தார்கள். இவள் இங்கே வெந்து சாம்பலானாலும் நாளைக் காலை ஒன்பது மணிக்கு நீலச் சோபாவில் உட்கார்ந்து ‘சாப்பிட்டயா கண்ணு’ என்று கேட்பாள். நாளை மறுநாளும் கேட்பாள். அதை நினைத்ததும் சுகந்தி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

ஒன்பது மணி. கைபேசி தானாகவே மகளை அழைத்தது. நீங்கள் மறந்தாலும் பழக்கம் மறக்கக் கூடாது என்பது அந்தப் பொதியின் தனிச் சலுகை.

திரையில் தன்யா வந்தாள். மஞ்சள் சுடிதார், பின்னால் ஜன்னல் திரை, அதே சிரிப்பு.

“தன்யா! அம்முணி! அம்மா உள்ள மாட்டிக்கிட்டேன்டி! கதவு திறக்க மாட்டேங்குது!”

“சாப்பிட்டயா கண்ணு?” என்றாள் சோபாவில் இருந்த சுகந்தி.

“ஆச்சும்மா. நீ?”

“நான் இல்லடி அது! அங்க பாக்காத, அது நானில்ல!”

“எனக்கென்ன, ஆயிடும். மாப்பிள்ளை ஆபீஸ் போயிட்டாரா?”

“போயிட்டாரும்மா.”

சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சின்னக் கட்டத்தில் இருந்தவள் அழவில்லை. தலையைச் சாய்த்து, மூக்குத்தியைத் தொட்டுச் சரிசெய்து, அப்படியே இவளை உரித்து வைத்திருந்தாள். இரண்டாவது விசில் அடித்தது; அதுவும் அங்கே கேட்டிருக்காது.

“இன்னைக்கு என்னம்மா குழம்பு?” என்று தன்யா கேட்டாள்.

சோபாக்காரி வாயைத் திறந்தாள். திறந்தபடியே கொஞ்சம் நின்றாள்.

சுகந்தி அழுகையை நிறுத்தினாள். அவள் எதற்கு நிற்கிறாள்? இவ்வளவு நேரம் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தவளுக்குக் குழம்பு மட்டும் தெரியவில்லையா?

தெரியவில்லைதான். சுகந்தி என்ன குழம்பு வைப்பாள் என்பது சந்தைக்குப் போய்க் காயைக் கையில் எடுத்துப் பார்க்கும்வரை அவளுக்கே தெரியாது. ஊகியும் பல மாதம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு அந்த ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டது. ஒரே ஒரு சொல்; அதற்குத் திடுக் கணக்கும் கிடையாது. யோசித்துப் பார்த்தால் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே இந்த இரண்டு வருடத்தில் நிஜமாகப் போய் வந்தது அந்தக் குழம்பு ஒன்றுதான்.

“காப்பாத்து!” என்றாள் சுகந்தி.

“கத்திரிக்காய்க் குழம்பு” என்றாள் சோபாக்காரி.

சனியன்! தெரிந்த குழம்பாக இருந்தால்தான் எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது. இவள் முன்பு சொன்ன குழம்பாக இருக்க வேண்டும். சுகந்தி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். பருப்புக் குழம்பு, புளிக்குழம்பு, மோர்க்குழம்பு… அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில்…

வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் முட்டை ஓடுகூடக் குப்பைக் கூடையில் கிடக்கக் கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை தன்யா பள்ளிக்கூடத்தில் யாருடைய டிபன் பாக்ஸிலிருந்தோ மீன் வறுவலைத் தின்றுவிட்டு வந்ததற்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விட்டாள். அது ஊகிக்குத் தெரியாது. தன்யாவுக்குத் தெரியும்.

“கருவாட்டுக் குழம்பு” என்றாள் சுகந்தி.

சோபாக்காரி பிசகில்லாமல் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னாள்: “இல்லல்ல, கருவாட்டுக் குழம்பு கண்ணு.”

திரையில் தன்யாவின் சிரிப்பு மாறவில்லை. ஆனால் அவளும் இப்போது வாயைத் திறந்தபடியே நின்றாள். அவளுக்கும் ஒரு காலி இடம் உண்டு. “நீ என்ன பண்ணினே?” என்று அம்மா கேட்பாள், அதற்கு அவள் சொல்லும் ஒரு சொல். அந்தச் சொல்லுக்காகப் படம் காத்திருந்தது.

“நானும் கருவாட்டுக் குழம்புதாம்மா” என்றாள் தன்யா.

சுகந்திக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கேட்டுவிட்டது! மகளுக்குக் கேட்டுவிட்டது! “ஆமாண்டி தங்கம், ஆமாண்டி!” என்று திரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எவ்வளவு சட்டென்று புரிந்துகொண்டாள்! குழம்பில் விஷயம் இருக்கிறது என்று அவளுக்கு யார் சொன்னது?

அந்தக் கேள்வி மனதில் வந்த வேகத்திலேயே பதிலும் வந்தது. சுகந்தி வாளியில் இருந்து எழுந்து நின்றாள்.

பாகற்காய்.

ஒன்றரை மாதமாகத் தன்யா தினமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ‘பாகற்காய்ப் பொரியல்மா.’ ‘பாகற்காய்க் குழம்பும்மா.’ ‘பாகற்காய்தாம்மா.’ பாகற்காயின் வாசம் பட்டாலே குமட்டுகிற பெண். ஒரு தடவை அதற்காகவே நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவள். சுகந்தி என்ன செய்தாள்? லிஃப்டில் பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். மருமகன் என்ன மாயம் செய்தாரோ, என் பெண் பாகற்காய் சாப்பிடுகிறாளாக்கும்!

அழைப்பு தானாக முடிந்தது.

அதற்குப் பிறகு அவள் தனக்காகக் கத்தவில்லை. குக்கர் விசில் அடிப்பதை நிறுத்தியது. டம்மென்று வால்வு போனது. கருகல் நாற்றம் கதவிடுக்கு வழியாக வந்தது. கொஞ்ச நேரத்தில் புகையும் வந்தது. துண்டை நனைத்து இடுக்கில் திணித்துவிட்டு, சுவரில் சாய்ந்து, “என்ன கஷ்டமோ என் புள்ளைக்கு, என்ன கஷ்டமோ” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்கம்மா! உள்ள இருக்கறீங்களா?”

வாட்ச்மேன் முருகானந்தத்தின் குரல். கடப்பாரையால் நெம்பிக் கதவைப் பெயர்த்தார். வாசல் பூட்டை உடைத்து உள்ளே வந்ததுமே அடுப்பை அணைத்துவிட்டிருந்தார். துணிப்பையும் அலமாரியும் கரியாகியிருந்தன. சுகந்தி இருமிக்கொண்டே அவர் கையைப் பிடித்தாள்.

“யாருங்க சொன்னது உங்களுக்கு?”

“புனேயில இருந்து ஒரு அம்மா பேசினாங்க. உங்க பொண்ணு வீட்டுக்கு எதிர்வீடாமா. உங்க பொண்ணு பால்கனியில நின்னு, இருக்கற பாத்திரத்தையெல்லாம் ஒவ்வொண்ணா ரோட்டுல வீசிக் கத்துச்சாமுங்க. கூட்டம் கூடி என்னன்னு கேட்டா, ‘எங்கம்மாவக் காப்பாத்துங்க, எங்கம்மாவக் காப்பாத்துங்க’ன்னு உங்க அட்ரஸையும் என் நம்பரையும் சொல்லுச்சாம்.” முருகானந்தம் தயங்கினார். “அப்புறம் மேல போய்ப் பாத்தா… வீடு வெளிய பூட்டிக் கிடந்துதாமுங்க. மாப்பிள்ளை தினமும் பூட்டிட்டுத்தான் போவாராட்ட இருக்குது.”

அன்றைக்கே சுகந்தி புனேவுக்குக் கிளம்பினாள். அழைப்புச் சேலையை மாற்றக்கூட இல்லை. கரிப்பிடித்த அதே சேலையோடுதான் ஏறினாள்.

திரும்பி வரும்போது ரயிலில் தன்யா அவளுடைய மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். எதிர்வீட்டு அம்மாதான் கூடவே நின்று காவல் நிலையத்தில் புகார் எழுத வைத்தார். மகளின் கையில் இருந்த பழைய தழும்புகளைச் சுகந்தி பார்த்தாள். தடவிக் கொடுத்தாள். தன்யாதான் முதலில் பேசினாள்.

“அம்மா, நான் மொதல் தடவை பாகற்காய்னு சொன்னப்ப நீ சிரிச்சியே. அது நீயா, படமா?”

படம் என்று சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது?

“நான்தான் கண்ணு” என்றாள். “நெசமாவே சந்தோசப்பட்டுச் சிரிச்சேன்.”

“படம்னு நினைச்சுத்தாம்மா மறுபடி மறுபடி சொல்லிட்டிருந்தேன்” என்றாள் தன்யா.

“பாத்திரத்தை அன்னைக்கே வீசியிருக்கலாமேடி. உனக்காக ஒரு டம்ளரையாவது வீசியிருக்கலாமே.”

“வெளிய தெரிஞ்சா உனக்கு அசிங்கமாயிடும்னு…” சுகந்தி அவள் தலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மணி ஒன்பது. சுகந்தியின் கைபேசி தானாக அழைத்தது. தன்யாவின் பைக்குள் இருந்த கைபேசி தானாக எடுத்தது. நீலச் சோபாவில் ஒருத்தி, ஜன்னல் திரைக்கு முன்னால் ஒருத்தி.

“சாப்பிட்டயா கண்ணு?”

“ஆச்சும்மா. நீ?”

ரயிலில் இருந்த இருவரும் அந்த இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தார்கள்.

“இன்னைக்கு என்னம்மா குழம்பு?”

சுகந்தி தன்னையறியாமல் வாயைத் திறந்தாள். சோபாக்காரி காத்திருக்கவில்லை. “பருப்புக் குழம்பு கண்ணு. நீ என்ன பண்ணினே?” “உருளைக்கிழங்கு வறுவல்மா” என்று மஞ்சள் சுடிதார் மளமளவென்று சொல்லி முடித்தது.

திரையில் ஒரு செய்தி வந்து விழுந்தது. ‘மதிப்புக்குரிய சுகந்தி, சென்ற வெள்ளிக்கிழமை உங்கள் உரையாடலில் கருவாட்டுக் குழம்பு என்ற பொருந்தாத சொல் இடம்பெற்றது. இந்தப் பிழைக்கு வருந்துகிறோம். உங்களுடைய அந்த அழைப்பின் உதவியால் ஊகியை மேம்படுத்தியுள்ளோம். இன்றுமுதல் அனைத்து வாடிக்கையாளர்களுக்கும் உணவு விவரங்களையும் நாங்களே ஊகித்துத் தருவோம். மேலும் ஒரு தள்ளுபடியோடு!’

சுகந்தி அதை இரண்டு முறை படித்தாள். அனைத்து வாடிக்கையாளர்களுக்கும். நிமிர்ந்து பார்த்தாள். பெட்டி முழுக்க ஒன்பது மணி அழைப்பு நடந்துகொண்டிருந்தது. சாப்பிட்டயா, சாப்பிட்டாச்சா, சாப்டியாப்பா என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே குரல்.

எதிர் இருக்கை அம்மாள் அப்போதுதான் பேசி முடித்துவிட்டுக் கைபேசியை முந்தானையால் துடைத்தாள். முகமெல்லாம் மலர்ச்சி.

“பையனுங்களா?” என்று சுகந்தி கேட்டாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“ஆமாங்க, மஸ்கட்ல இருக்கறான்” என்றாள் அந்த அம்மாள். “இருபது நாளா என்ன சாப்பிட்டேன்னு கேட்டா, பச்சத் தண்ணி, பச்சத் தண்ணின்னே சொல்லிட்டிருந்தானுங்க. விளையாட்டுப் பையன், கிண்டல் பண்றான்னு விட்டுட்டேன். இருந்தாலும் மனசுக்குள்ள ஒரு உறுத்தல். இன்னைக்குத்தான் பிரியாணின்னு சொன்னான். இப்பத்தானுங்க எனக்கு நிம்மதி.”